ஈரச் சிறகு

மே இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐம்பதுக்கு, இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தில், நாற்பத்தேழாம் எண் புட்டிக்குள் சிவப்புக் கண்ணோடு ஓர் ஈ பிறந்தது.

முதலில் கூச்சல் போட்டது யார் என்று பிற்பாடு பெரிய வழக்கே நடந்தது. ஈயக்காதான் என்பது பக்கத்து மேஜையில் பூஞ்சைகளை ஆராயும் பூஞ்சைக்காரனின் கட்சி. பழ ஈக்களோடே காலம் தள்ளும் ஆராய்ச்சியாளருக்கு அந்தப் பெயரை வைத்தவனும் அவன்தான்.

டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் கால் தரிக்காத துண்டுகள் உண்டு. இருந்த இடத்தை விட்டுக் கிளம்பும். வேறெங்காவது போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி ஒன்று, கண்ணுக்குச் சிவப்பைத் தரும் மரபணுவின் நட்டநடுவில் சம்மணம் போட்டுவிட்டது. அதனால் அவளுடைய ஈக்களுக்கெல்லாம் வெள்ளைக் கண். துண்டு எழுந்து போனால் கண் சிவக்கும்.

மூன்று வருடம் காத்திருந்தாள். அறுபத்தோராயிரம் ஈக்கள்; அத்தனையும் வெள்ளை. "உங்க குடித்தனக்காரர் காலி பண்ணிட்டாரா அக்கா?" என்று பூஞ்சைக்காரன் தினமும் கேட்பான்.

இன்று பன்னிரண்டு மணிக்குத் திட்டத்தை மதிப்பிடும் குழு கூடுகிறது. ஒரு சிவப்புக் கண்ணாவது காட்டாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா.

ஈயைக் கண்ணாடிக் குழாய்க்கு மாற்றி, அதை ஏந்திக்கொண்டு அவள் நடைபாதையில் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில், கடைசிப் பத்தடியை நொண்டியடித்தே கடந்தாள். பூஞ்சைக்காரன் வாயாலேயே மேளம் வாசித்தபடி பின்னால் வந்தான். துறைத்தலைவர்கூட அறையை விட்டு வெளியே வந்தார்.

புட்டி கழுவும் அம்மாள் மட்டும் ஆய்வுக்கூட வாசலில் நின்று, நாற்பத்தேழாம் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "பஞ்சு லூசா இருக்கே கண்ணு. வெளி ஈ எதுவும் உள்ள பூந்து முட்டை வச்சிருக்கப் போவுது."

மேளம் நின்றது. எல்லோரும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்கள்.

வெளி ஈக்கு எப்போதுமே சிவப்புக் கண்தான். வித்தியாசம் சிறகில் இருந்தது. அவளுடைய ஈக்களுக்குச் சிறகு சுருண்டிருக்கும். வெளி ஈக்கு நேராக இருக்கும். இதற்கோ சிறகே இன்னும் விரியவில்லை. நனைந்த குடையை மடக்கியதுபோல் முதுகில் ஒட்டிக் கிடந்தது. உலர ஒரு மணி நேரமாவது ஆகும்.

முட்டை ஈயாகப் பத்து நாள். ஈயக்கா விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினாள். "பதினொண்ணாந்தேதி, சனிக்கிழமை. அன்னிக்கு யாராவது இங்க பழம் எடுத்துட்டு வந்தீங்களா?"

உள்ளே பழம் கூடாது என்று தலைவர் கையெழுத்திட்ட அறிவிப்பு கதவிலேயே இருந்தது. பூஞ்சைக்காரன் தன் பூஞ்சைகளின் மேல் சத்தியம் செய்தான். அந்த அம்மாள் சனிக்கிழமை வருவதே இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு தொலைபேசியை எடுத்து, குழுவைப் பன்னிரண்டரைக்குத் தள்ளிவைத்தார். யாருக்கும் ஒரு நிமிடம் விட்டுக்கொடுக்காத மனிதர்! அதோடு விடாமல், வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு, குழாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். நம் மேல் இவருக்கு இவ்வளவு அக்கறையா என்று ஈயக்கா நெகிழ்ந்துபோனாள்.

பூஞ்சைக்காரன், காற்றில் சிறகு நிமிர்ந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தினான். குழாய்க்குள் காற்று எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. "சுருளு, என் தங்கமே, சுருளு" என்று அந்த அம்மாள் கெஞ்ச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அறையே வியர்வையோடு சேர்ந்து கெஞ்சியது.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குச் சிறகு விரிந்தது. நேராக.

ஈயக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

பூஞ்சைக்காரனின் அலறல் கேட்டுத் திறந்தபோது இடது சிறகின் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. வலதும் வளைந்தது. இரண்டும் பென்சில் சீவல்போல் சுருண்டன.

அந்த அம்மாள் ஈயக்காவை அப்படியே தரையிலிருந்து தூக்கிவிட்டாள். மேளம் மறுபடி தொடங்கியது.

தலைவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. முட்டி பிடித்துக்கொண்டதோ என்று ஈயக்கா கை கொடுக்கக் குனிந்தாள்.

"அந்தச் சனிக்கிழமை உன் மேஜைல உக்காந்து வாழைப்பழம் சாப்பிட்டது நான்தாம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

குழு பன்னிரண்டரைக்குக் கூடியது. திட்டத்துக்கு மேலும் இரண்டு வருடம் கொடுத்தார்கள்.