பாதியாகும் மருந்து

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் சற்றுமுன் பிறந்த கதிரியக்க நைட்ரஜன், ஊசிமருந்தாகி ஈயப் பெட்டிக்குள் காத்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கொரு முறை அதன் வீரியம் பாதியாகிவிடும். ஸ்கேன் மேசையில் படுத்திருக்கும் பஸ் டிரைவர் மூக்கு அரிக்கிறதென்று கையைத் தூக்கியதில், குத்தி வைத்திருந்த ஊசி கழன்றுவிட்டது. நர்ஸ் அவருடைய மறுகையைத் தட்டித் தட்டி நரம்பு தேடுகிறாள். ஏசி குளிரில் எல்லாம் ஓடி ஒளிந்துகொண்டிருக்கின்றன. “பத்து நிமிஷத்துல பாதியா? என் தலைமுடியே தேவலைம்மா, முப்பது வருஷம் தாக்குப்பிடிச்சுது.” “சிரிக்க வைக்காதீங்கண்ணே, ஊசி தவறிடும்.” இருதயத்தில் எங்கே ரத்தம் பாயவில்லையென்று இந்தப் படம் சொன்னால்தான் நாளை அறுவை சிகிச்சை. இன்று இனி வேறு மருந்து தயாராகாது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து டெக்னீஷியனின் குரல் ஸ்பீக்கரில் கரகரக்கிறது: “சிஸ்டர், இப்ப விட்டா போச்சு.” அவள் வெந்நீரில் நனைத்த துணியை அவர் முழங்கை மடிப்பில் வைத்து அழுத்துகிறாள். நீலமாக ஒன்று மெல்ல எழும்புகிறது. ஊசி இறங்குகிறது, குழாயில் சிவப்பு எட்டிப்பார்க்கிறது. மருந்து உள்ளே போகிறது. படம் தெரியவேண்டிய திரை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. டிரைவரின் முகம் கோணுகிறது, மறுபடியும் மூக்குதான். “அசையாதீங்கண்ணே” என்று குனிந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நர்ஸே சொறிந்துவிடுகிறாள்.