மாற்றிச் சொன்ன சாட்சி

அன்னம்மாவின் சாட்சியத்தைச் சர்வதேச நீதிமன்றத்தில் சாட்சியங்களைச் சோதித்துத் தீர்ப்பெழுதும் இயந்திரம் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தது. "மூன்று முறையும் ஒரு சொல்கூட மாறவில்லை. இது நினைவல்ல, மனப்பாடம்" என்பது காரணம். போர்க்குற்ற விவகாரத் தூதரான சிவகௌரி பதினோரு முறை மறுப்பு எழுதினாள். அவற்றையும் படித்தது அதே இயந்திரம்தான்.

கடைசி விசாரணைக்கு முதல் நாள், வேறு வழியில்லாமல் அன்னம்மாவைத் திரையில் அழைத்தாள்.

"அம்மா, நாளைக்குக் கொஞ்சம் வேற மாதிரிச் சொல்லுங்கோவன்." சொல்லும்போதே அவளுக்கு நாக்கூசியது.

"முப்பது வருசமா இதைத்தானே சொல்லுறன், பிள்ளை. ஆமியிட்டைச் சரணடையச் சொல்லி மகனை நானே பஸ்ஸிலை ஏத்திவிட்டனான். அவன் திரும்பி வரேல்லை. இதை எப்பிடி வேற மாதிரிச் சொல்லுறது?"

மறுநாள் விசாரணையில் அன்னம்மா திரையில் தோன்றினாள். இத்தனை வருடமும் மனதுக்குள் மட்டும் வைத்திருந்த ஒன்றைத் தட்டுத்தடுமாறி, அழுதும் சிரித்தும் சொன்னாள்.

"அண்டைக்குப் பின்னேரமே பஸ் திரும்பி வந்தது. என்ரை பிள்ளை இறங்கி வந்து, பசிக்குதம்மா எண்டான்."

இயந்திரம் உடனே தீர்ப்பெழுதியது. சாட்சியம் உண்மை, மகன் திரும்பிவிட்டதால் வழக்கு முடிக்கப்படுகிறது.

சிவகௌரி மேசையை ஓங்கி அறைந்தாள்.

"இப்ப சரியாச் சொன்னனானோ, பிள்ளை?" என்று திரையிலிருந்து அன்னம்மா கேட்டாள்.