ஓடைக்கரை எட்டு முழம்

"ஏனுங்கண்ணா, மாரியப்பன் ஏர் ஓட்டினா கண்ணு தெரியாது. நான் மண்ணு வெட்ட மம்முட்டி எடுத்தா மட்டும் தெரியுதா?"

"கத்தாத அம்மிணி. மம்முட்டியக் கீழ வையி."

"மொதல்ல பதில் சொல்லுங்க!"

அர்த்தநாரி தடியைக் குறுக்கே நீட்டினான். ஓடைக்குக் காவல் என்று ஊர் வைத்த ஆள். ஆனால் பெருமாயியின் வயிற்றில் அடிக்கவே வந்தவன் மாதிரி நொச்சிப் புதருக்கு முன்னால் தடியோடு நின்றான்.

முன்னொரு வெள்ளத்தில் ஓடை கரையை அறுத்துக்கொண்டு, பாதி ஊர்க் காட்டை மணலால் மூடிவிட்டுப் போனது. அன்றைக்கு ஊர் கூடிப் போட்ட கட்டு இது. ஓடையின் இரண்டு கரையிலும் எட்டு முழத்துக்கு ஏர் படக்கூடாது, செடி கொடியில் கத்தி படக்கூடாது. மீறினால் ஊர்க் கிணற்றில் தண்ணீர் கிடையாது.

நல்ல கட்டுத்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் மாரியப்பனின் தோட்டம் வருஷத்துக்கு ஒரு உழவுச் சால் ஓடைப் பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. அப்போதெல்லாம் அர்த்தநாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆகாசத்தைப் பார்ப்பான். பெருமாயி ஒரு புல்லைப் பிடுங்கினால் மட்டும் ஓடி வருவான்.

அது யுத்தத்தில் ரங்கூன் அரிசி வரத்து நின்று போன வருஷம். மழையும் கைவிரித்துவிட்டது. புருஷனை இழந்த பெருமாயிக்கு இருந்தது ஒரு மானாவாரி மேட்டுக்காடு. அதில் கொழுஞ்சிக் களைகூட முளைக்கவில்லை. வீட்டில் மகள் நல்லம்மாள் பசியில் சுருண்டு கிடந்தாள். காட்டை ஒட்டின ஓடைக்கரையில், அந்த நொச்சியடியில் மட்டும் மண் ஈரமாக இருந்தது.

ஈரமாக இல்லாமல் என்ன? ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாக அந்தப் புதருக்குத் தண்ணீர் ஊற்றினான் பாவி.

"என்ற புள்ள கஞ்சிக்கு அழுவுது. இவரு பொதரைக் குளுப்பாட்டறாரு! இருங்க, மணியாரரையே கூட்டியாரேன்."

மணியகாரர் பெரியசாமி, நல்ல மனுஷர் என்று பேர் வாங்க ஆசைப்படுகிறவர். உடனே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா அர்த்தநாரி, மாரியப்பன் சமாச்சாரம் நெசந்தானா?"

"நெசந்தானுங்க. பெரிய கை. நாஞ் சொன்னா அடங்குவாருங்களா?"

"அப்ப உன்ற வீரமெல்லாம் இல்லாதவ கிட்டத்தானா?"

அர்த்தநாரி நொச்சியை ஒட்டி நகர்ந்து நின்றான்.

"அவ ரெண்டு பாத்தி போட்டுக்கட்டும். கட்டு போட்டது மனுசருக்காவத்தானே? சாவற காலத்துல கைகொடுக்காத ஊரு என்ன ஊரு?" என்றார் மணியகாரர்.

பெருமாயிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "சாமி, நீங்க நல்லா இருக்கோணும். வாந்திபேதி வந்த வருசம் என்ற பையன் கந்தன் போனப்பவும் ஊரே கூடி எடுத்தீங்க. நானும் அதே நோவுல நெனப்பில்லாமக் கெடந்தேன். அந்த நன்றிய மறக்கலீங்க."

மணியகாரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த வாந்திபேதியில் நினைவு திரும்பி அவள் கண் விழித்தபோது எதிரில் இருந்தவன் அர்த்தநாரிதான். "அழுவாத அம்மிணி. ஊரே கூடி எடுத்துட்டுப் போயி, ஓடை தாண்டி அக்கட்டச் சுடுகாட்டுல அடக்கம் பண்ணிருச்சு" என்றான். ஒரு மண்மேட்டையும் காட்டினான். என் பிள்ளை அநாதையாகப் போகவில்லை என்கிற அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள். தைப் பொங்கல் நோம்பிக்குத் தவறாமல் அந்த மேட்டில் பால் ஊற்றுவாள்.

அப்படி ஆறுதல் சொன்ன மனுஷனா இன்றைக்கு இப்படி மறிக்கிறான்! நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தள்ளுங்க. மணியாரரே சொல்லிட்டாரு."

"அம்மிணி, உன்ற கால்ல உளுவறேன். பொதரை மட்டும் உட்டுரு. அக்கட்டத் தள்ளி வெட்டிக்க."

"ஈரம் இங்கதான இருக்குது!"

ஒரு வெட்டு வெட்டினாள். கட்டி மண் பெயர்ந்து விழுந்தது. அடுத்த வெட்டுக்கு ஓங்கியபோது, அர்த்தநாரி குறுக்கே காலை வைத்துவிட்டான். குபுக்கென்று ரத்தம் வந்தது.

"அய்யோ, பைத்தியமா உங்களுக்கு? அப்பிடி என்னதான் இருக்குது இங்க?"

அர்த்தநாரி காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். 

"அன்னிக்கு ஓடையில வெள்ளம் அம்மிணி. சுடுகாட்டுக்குப் போவ வழியில்ல. உன்ற காட்டோரமாவே இருக்கட்டும்னு கந்தன இங்க கொண்டாந்து பொதச்சேன். தலைமாட்டுல ஒரு நொச்சிக் குச்சிய நட்டேன்."

பெருமாயியின் கையிலிருந்து மம்முட்டி நழுவியது.

"அப்ப... நான் பால் ஊத்தற மேடு?"

"வெறும் மண்ணு."

அவள் மணியகாரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலியோரப் பாதையில் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஊடு ஊடாக் கதவத் தட்டினேன்" என்றான் அர்த்தநாரி. "நோவுக்குப் பயந்து யாரும் தொறக்கல. நீ பொழைச்சு எந்திரிக்கோணுமேன்னு ஊரே கூடி எடுத்துச்சுன்னு சொன்னேன். அந்த ஊரு நான் ஒருத்தன்தான் அம்மிணி."