அடித்துணி இல்லாத கூடாரம்

மொன்டானா மலையில் எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பவிருந்த ராய்ஸ், கடையில் தரையை மூடும் அடித்துணி இல்லாத கூடாரம்தான் வேண்டும் என்று நின்றான்.

"ஈரம் ஏறும், எலி ஓடும். இதைப் போய் வாங்குவாங்களா?" என்றாள் மனைவி லோர்னா.

"ஒரு கிலோதான் எடை. பூட்ஸோட அப்படியே உள்ளே போயிடலாம்."

"அடச் சோம்பேறி! இருபது வருஷமா கழட்டிட்டுத்தானே படுக்கறே?"

"நான் கழட்டிடுவேன். எமெட்டுக்குக் கஷ்டமாச்சே."

லோர்னா திகைத்தாள். விபத்தில் ஒரு காலை இழந்ததிலிருந்து ராய்ஸின் தம்பி எமெட் மலைப்பக்கமே போனதில்லை. செயற்கைக் காலிலிருந்து பூட்ஸை உருவவே அவனுக்குக் கால்மணி நேரம் ஆகும்.

"வர்றேன்னு சொன்னானா?"

"ஒரு வாரமா கெஞ்சினேன். நேத்துதான் சரின்னான்."

லோர்னா கடைக்காரரிடம் திரும்பினாள்.

"இதுலயே கொஞ்சம் பெருசா காட்டுங்க. அண்ணனும் தம்பியும் தாராளமா படுக்கணும்."