பாதி முகம்

மலையடிவாரத்தில் ஒரு செல்போன் டவர் நின்றது. அந்த வழியாகப் போன பஸ்ஸில் கண்டக்டர் இருதயராஜின் போனுக்கு ஒரு படம் வந்துகொண்டிருந்தது. காலையில் பிறந்த அவருடைய மகள். முழுப் படமாக இல்லை, எண் போட்ட நூற்றுக்கணக்கான துண்டுகளாக.

முடி, நெற்றி, இமை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்பிய டவருக்கு, பஸ் வளைவைத் தாண்டியும் போனை விட மனசு வரவில்லை. சிக்னல் மெலிந்தது. படம் பாதியில் நின்றது.

“விடுங்கண்ணே, நான் பிடிச்சுக்கிறேன்,” என்றது வளைவுக்கு அப்பால் நின்ற ஆற்றோரத்து டவர். “மனுஷன் விசில் ஊதக்கூட மறந்து நிக்கிறாரு.”

“முகத்தை முழுசாப் பார்த்துட்டு விடறேனே.”

“நீங்க பிடிச்சுக்கிட்டிருந்தா அவரு பார்க்க முடியாதுண்ணே.”

டவர் விட்டுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டது. “பிள்ளை யாரு ஜாடை?”

“எனக்கு வந்தது மூக்கும் வாயுந்தான். பாதி முகத்தை வச்சு என்னத்தைச் சொல்ல? ஆனா அவரு பஸ்ஸுல ஏறுறவங்க எல்லாருக்கும் காட்டிக்கிட்டு வர்றாரு.”

மலையடிவாரத்து டவர் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டது. துருப்பிடித்த கம்பிகள், நடுவே வெறும் காற்று. இதன் வழியாகத்தான் அந்தப் பாதி முகம் போயிருக்கிறது, ஒரு முடிகூடக் கலையாமல்.