நீக்கப்பட்ட பாடம்

“இந்தப் பாடத்தை எடுத்துடுங்க, சார். பிள்ளைங்களுக்கு இது இனிமே சோறு போடாது.”

பிரேமலா இப்படிச் சொன்னதும் கூட்டத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மலேசியாவில், ஜொகூரின் கெலாங் பாத்தாவில் உள்ள அந்தத் தனியார் பொறியியல் கல்லூரிக்கு, பக்கத்துத் தொழிற்சாலையின் சார்பில் பாடத்திட்ட ஆலோசனைக்கு வந்திருந்தாள் அவள். நீக்கச் சொன்னது, கம்பி இணைப்புகளால் இயந்திரங்களை இயக்கும் பழைய ரிலே வயரிங் பாடத்தை. அதை நடத்துபவன் குணாளன். அவளுடைய கணவன். எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

“கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, மேடம்” என்றார் முதல்வர்.

“எங்க உற்பத்தி லைன் முழுக்க ரோபோ வந்தாச்சு. போன வருஷம் வேலைக்கு எடுத்த உங்க பிள்ளைங்களுக்கு அதுகிட்ட போகவே பயம். பாதிப் பேரைப் பயிற்சியிலேயே வீட்டுக்கு அனுப்பிட்டோம்.”

குணாளனுக்குப் பக்கத்தில் இருந்த விரிவுரையாளர் ரூபினி குறுக்கிட்டாள். “அடிப்படை தெரியாம ரோபோவை எப்படித் தொடுவாங்க?”

“அடிப்படையை முதல் வருஷ லேப்லயே முடிச்சிடலாம். அதுக்கு ஒரு வருஷம் முழுக்க எதுக்கு?”

முதல்வர் திரும்பினார். “குணாளன், நீங்க என்ன சொல்றீங்க?”

“மேடம் சொல்றது சரிதான், சார்.”

தேநீர் வருவதற்குள் முடிவாகிவிட்டது. அடுத்த செமஸ்டரிலிருந்து ரோபோ பாடம். நடத்த, அந்தத் துறையில் வேலை பார்த்த புது ஆள். குணாளனின் ஒப்பந்தம் இந்த ஆண்டோடு சரி.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிரேமலாவை ரூபினி மறித்தாள்.

“அக்கா, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சொந்தப் புருஷன் வேலைக்கே வேட்டு வெச்சிட்டீங்களே. அதுவும் எல்லார் முன்னாடியும். வேற யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம் லா.”

பிரேமலா கார் கதவைப் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“நானும் மாட்டேன்னுதான் சொன்னேன், ரூபினி.”

“அப்புறம் ஏன்?”

“‘நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், காலேஜ்ல காதுல வாங்க மாட்டேங்கறாங்க. கம்பெனி சொன்னாத்தான் மாத்துவாங்க. படிச்ச பிள்ளைங்க வேலை இல்லாம நிக்கறாங்க, நீ போய்ச் சொல்லு’ன்னு என்னைப் பேச வெச்சதே அவர்தான்.”