ஏப்ரல் ஐந்துக்கு முந்தி

செல்வமலர் லண்டனுக்கு வந்து மூன்று மாதமாகியும் குகதாசன் அவளோடு தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கொழும்பில் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது, தாலிதான் ஏறவில்லை. அதனால் அவள் செவன் கிங்ஸில் அவனுடைய அக்கா வீட்டில், அவன் பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஓர் அறையில்.

"ஆவணிக்கு முதல் நல்ல நாள் இல்லை," என்று அக்கா தவநாயகி பஞ்சாங்கத்தை மூடிவிட்டாள்.

மனைவியின் வரிக்கணக்கையும் புருஷனே காட்டவேண்டிய காலம் அது. தை மாதம் மூவருமாகக் கணக்காளர் தில்லையம்பலத்திடம் போனார்கள்.

"பெண்சாதி வந்திட்டா. இனி வரி குறையும்தானே, அண்ணை?" என்றான் குகதாசன்.

"குறையும். ஆனால் வரி வருசம் முடியிற ஏப்ரல் ஐஞ்சுக்கு முந்தி ரெண்டுபேரும் ஒரே வீட்டில குடியிருக்கோணும். இல்லாட்டி இந்த வருசச் சலுகை போச்சு."

தவநாயகி பதறிப்போனாள். "கவர்ன்மென்ட் தாற காசை ஆரும் விடுவினமோ?"

கைப்பையிலிருந்து பஞ்சாங்கம் வெளியே வந்தது. "மாசியில ஒரு நல்ல நாள் கிடக்கு. அண்டைக்கு என்ர கண்ணில படேல்லை. என்ன பிள்ளை, உனக்குச் சம்மதமோ?"

செல்வமலர் குனிந்த தலை நிமிரவில்லை.

"பாவம், வாயில்லாப்பூச்சி," என்றாள் தவநாயகி.

தாலி ஏறிய மறுநாள், பார்க்கிங் அறையில் தேநீர் குடித்தபடி குகதாசன் சொன்னான்: "நல்லகாலம், அப்பிடியொரு சட்டம் இருந்தது."

"அப்பிடியொரு சட்டமும் இல்லை," என்றாள் வாயில்லாப்பூச்சி. "பதிஞ்சதே போதுமாம். மச்சாள் கடைக்குப் போன நேரம் தில்லையம்பலம் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, இப்பிடிச் சொல்லுங்கோ எண்டு நான்தான் கேட்டனான்."